வாங்கிட்டோம்ல கேமரா! (சரி, எதுக்கு?)

ஒருவழியா வாங்கியாச்சு மக்களே!

ரெண்டு வருஷமா விலை பார்த்தேன். யூடியூப்ல ஊர்ல இருக்குற அத்தனை பேரும் ஒரே பொட்டியைப் பிரிக்கிறதை வாய் பிளந்து பார்த்தேன். கூடையில போட்டேன், எடுத்தேன், மறுபடி போட்டேன். கடைசியில போன மார்கழியில ஒரு நாள் ராத்திரி பதினொன்றரை மணிக்கு, ஆபீஸ்ல ஆணியெல்லாம் புடுங்கி முடிச்ச அலுப்புல, கண்ணை மூடிக்கிட்டு பட்டனை அமுக்கிட்டேன்.

கேனான் ஈஓஎஸ் ஆர்50. 24.2 மெகாபிக்சல். உள்ள கண்ணாடி இல்லாத ரகம் (அதாங்க, மிரர்லெஸ்). பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 375 கிராம்தான், அரை கிலோ தக்காளியை விடக் குறைச்சல். கூடவே 18-45, 55-210னு ரெண்டு லென்ஸ். கிரெடிட் கார்டுல ஒம்போது மாசத் தவணை. அந்த ஒம்போது மாசமும் வெளியில பிரியாணி கிடையாதுன்னு எனக்கு நானே சட்டம் போட்டுக்கிட்டேன் (ரெண்டாவது வாரமே சட்டத் திருத்தம் வந்துடுச்சு, அது வேற கதை).

பார்சல் வந்த அன்னிக்கு கீழ இருந்து வாட்ச்மேன் அண்ணன் கூப்பிட்டதும் லிஃப்டுக்குக் கூட காத்திருக்கலை. நாலு மாடியும் படியிலயே ஓடினேன். பிரிச்சதும் வர்ற அந்தப் புது பிளாஸ்டிக் வாசனை இருக்கே, அதை வாங்கினவனுக்குத்தான் தெரியும். பேட்டரி சார்ஜ் ஆகுற வரைக்கும் பொறுமையில்லாம வெறும் கேமராவைக் கண்ணுல வச்சு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கிட்டிருந்தேன். உலகத்துல புது கேமரா வாங்கின எல்லாரும் எடுக்குற முதல் படத்தைத்தான் நானும் எடுத்தேன். சீலிங் ஃபேன். ரெண்டாவது படம், தூங்கிட்டிருந்த ரூம்மேட்டோட கால் கட்டைவிரல்.

அவன் எழுந்து பார்த்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "மச்சி, இதுல போன் பேச முடியுமா?"

ஊருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அப்பா, "எவ்வளவு தம்பி?"ன்னார். பாதி விலையைத்தான் சொன்னேன். அதுக்கே அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மனசுக்குள்ள அதை வெங்காய மூட்டைக் கணக்குக்கு மாத்திட்டிருந்திருப்பார். எங்களுக்கு ஊர் பெரம்பலூர் பக்கம். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும்தான் பொழப்பு. பட்டறையில போட்டு வச்ச வெங்காயம் நல்ல விலைக்குப் போகுமா, அழுகிப் போகுமான்னு மாசக்கணக்கா கவலைப்படுற மனுசன்கிட்ட லென்ஸைப் பத்தி என்னத்தைப் பேசுறது? கடைசியில கேட்டார்: "ஏன்டா, போன்ல எடுத்தா படம் விழாதா?"

நியாயமான கேள்வி. போன்ல பதில் சொல்ல வரலை. இந்தப் பதிவு அவருக்கான பதில்தான்.

முதல்ல உண்மையை ஒத்துக்கிடுவோம். விழும். போன்லயும் நல்லாவே படம் விழும். பெரம்பலூர் மத்தியான வெயில்ல நின்னு எடுத்தீங்கன்னா, ஒரு நல்ல போன் என் கேமராவை விடப் பளிச்சுன்னு எடுத்துக் குடுக்கும். நாம ஒரு தடவை அமுக்கினா அது நாலஞ்சு படம் எடுத்து, வெளிச்சத்தையும் நிழலையும் தானே சேர்த்து ஒட்டிக் கையில குடுத்துடுது. என் கேமராவுல அதை நான் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து பண்ணணும். நாள் முழுக்க பொட்டி தட்டிட்டு வந்து மறுபடியும் பொட்டி.

மெகாபிக்சல் கணக்கும் அப்படித்தான். ஸ்டூடியோவுல போடுற 4x6 இஞ்ச் பிரிண்டுக்கு, இஞ்சுக்கு 300 புள்ளின்னு வச்சாக்கூட 1800க்கு 1200, அதாவது ரெண்டு மெகாபிக்சலே தாராளம். மிச்ச 22 மெகாபிக்சலை நான் ஊறுகாய்தான் போடணும்.

டிஜிட்டல் கேமரா பொறந்த கதையே தமாஷானது. 1975ல கோடக் கம்பெனியில ஸ்டீவன் சாஸன்னு ஒரு இளவட்ட இன்ஜினியர் முதல் டிஜிட்டல் கேமராவைச் செஞ்சார். நூத்துக்கு நூறு, மொத்தமே பத்தாயிரம் புள்ளி. ஒரு படம் கேசட்டுல ஏற 23 வினாடி ஆகும். ஃபிலிம் வித்துச் சம்பாதிச்சுட்டிருந்த கம்பெனி அதை ஓரமா வச்சிடுச்சு. 2012ல திவால் மனு போட்டுச்சு. சரி, ஃபிலிமைச் சாப்பிட்ட டிஜிட்டல் கேமராவாவது நல்லா இருக்கான்னா, 2010ல ஜப்பான் கம்பெனிகள் அனுப்பின டிஜிட்டல் கேமரா 12 கோடிக்கு மேல. 2023ல அது ஒரு கோடியைக் கூடத் தொடலை. சாப்பிட்டது போன். அந்த மாதிரி மூழ்குற கப்பலுக்குத்தான் நான் தவணையில டிக்கெட் எடுத்திருக்கேன்.

அப்புறம் எதுக்குடா வாங்கினன்னு கேக்குறீங்கதானே? கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

எங்க அப்பாயி 2019ல தவறிட்டாங்க. எண்பதைத் தாண்டின வயசு. என்னைத் தூக்கி வளர்த்தவங்க. விடியக்காலையில போன் வந்து, சென்னையில இருந்து பஸ் பிடிச்சு நான் போய்ச் சேர்றதுக்குள்ள தெருமுனையில கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியாச்சு. பேனர்ல இருந்தது எங்க அப்பாயி மாதிரி இருந்துச்சு, ஆனா எங்க அப்பாயி இல்லை. அவசரத்துக்கு வீட்ல ஒரு நல்ல போட்டோ கிடைக்கலை. இருந்த ஒரே முகம் வாக்காளர் அட்டையில இருந்த முகம். பிளக்ஸ் கடையில அந்த முகத்தை மட்டும் வெட்டி, பெருசாக்கி, வெள்ளையாக்கி, அவங்ககிட்ட ரெடியா இருந்த ஒரு பட்டுச்சேலை உடம்புல ஒட்டிட்டாங்க. அப்பாயி வாழ்நாள்ல கட்டாத சேலை. போடாத நகை. ஒரு கண்ணு மட்டும் புகை மாதிரி கலங்கித் தெரிஞ்சுது.

கடைக்காரரைக் குத்தம் சொல்லலை. ஒரு மணி நேரத்துல அவர் அதைத்தான் செய்ய முடியும். குத்தம் எங்க மேலதான். போட்டோ எடுக்காமலா இருந்தோம்? வீட்டுக்கு முதல் கேமரா போன் வந்தப்ப என் தங்கச்சி அப்பாயியை நூறு படமாவது எடுத்திருப்பா. திண்ணையில உக்காந்து வெங்காயத் தாள் அறுக்குறது, பொக்கை வாயோட சிரிக்கிறது, கோழியை விரட்டுறது. அந்தப் போன் ஒரு நாள் மாட்டுத் தொட்டியில விழுந்துச்சு. நூறு படமும் அதோட போச்சு. ஒன்னே ஒன்னை பிரிண்ட் போட்டிருந்தாக்கூட போதும்.

இன்னிக்கும் எங்க வீட்டு நடுச்சுவர்ல, பொட்டு வச்சு, மாலை போட்டு, சீரியல் பல்பு எரிய அந்தப் பட்டுச்சேலைக்காரிதான் இருக்காங்க. என் தங்கச்சி பொண்ணு அதைப் பார்த்துத்தான் "அப்பாயி சாமி"ன்னு கும்பிடுறா. அவளுக்கு நிஜ அப்பாயி முகம் தெரியாது. இனிமே தெரியவும் போறதில்லை.

இதை இங்கயே விட்டுட்டு பொங்கலுக்கு வர்றேன்.

பொங்கல் லீவுக்கு கேமராவைத் துண்டுல சுத்தி பையில வச்சுக்கிட்டு ஊருக்குப் போனேன். சுத்திப் பார்க்க நம்ம ஊர்ல என்ன இருக்குன்னு கேக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. எங்க ஊர் மண்ணுக்கு அடியில ஒரு கடலே இருக்கு. பெரம்பலூர் மாவட்டம் காரைக்கு ஒரு தடவை போய்ப் பாருங்க. செம்மண்ணும் சாம்பலும் கலந்த மேடு பள்ளமா, மரமே இல்லாம, வேற ஏதோ கிரகத்துல இறங்கின மாதிரி இருக்கும். வெயில்ல அங்கங்க கண்ணாடி உடைஞ்சு கிடக்குற மாதிரி மின்னும், அது ஜிப்சம். கீழ குனிஞ்சு பார்த்தா கடல் பிராணிகளோட கல்லான ஓடுகள். சுமார் பத்து கோடி வருஷம் முன்னாடி கடலா இருந்த இடம். பக்கத்துலயே சாத்தனூர்ல 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாப் போன மரம். 1940ல புவியியல் துறை எம்.எஸ். கிருஷ்ணன் அடையாளம் கண்டு சொன்னது. (போறவங்களுக்கு ஒரு வேண்டுகோள்: படத்தை மட்டும் எடுங்க, கல்லை எடுக்காதீங்க. ஆளுக்கு ஒன்னு பாக்கெட்டுல போட்டா நம்ம பேரன் பார்க்க ஒன்னும் மிஞ்சாது.)

சூரியன் சாயுற நேரத்துல காரையில நின்னு எடுத்துத் தள்ளினேன். ஒரு மணி நேரத்துல நானூறு படம். ரூமுக்கு வந்து பார்த்தா முன்னூத்தித் தொண்ணூறு படம் ஒரே மாதிரி. மிச்சம் பத்துல என் நிழல். அவ்வ்வ்வ்.

ஆனா அன்னிக்கு ராத்திரி என் மண்டையில ஓடினது காரை இல்லை, கல்லமேடு. கதை தெரியாதவங்களுக்கு: அரியலூர் மாவட்டம் கல்லமேட்டுல (அப்ப அது திருச்சி மாவட்டம்) தோண்டி எடுத்த ராட்சச எலும்புகளை வச்சு, 1987ல யாதகிரி, அய்யாசாமின்னு ரெண்டு புவியியல் விஞ்ஞானிகள் ஒரு டைனோசரை உலகத்துக்கு அறிவிச்சாங்க. புருகத்காயோசாரஸ். பேர்லயே இருக்கு, பேருடம்புப் பல்லி. கால் எலும்பு ஒன்னு மட்டும் ரெண்டு மீட்டர் நீளம். உலகத்துல நடமாடின பெரிய டைனோசர்கள்ல ஒன்னா இருக்கலாம்னு இன்னிக்கும் பேச்சு அடிபடுது.

ஏன் "இருக்கலாம்"? ஏன்னா அந்த எலும்பு இப்ப இல்லை. ஈரத்துல ஊறி உளுத்துப் போயிருந்த எலும்பு, வெளியில எடுத்ததும் தூளாப் போச்சு. கையில இருந்தது கட்டுரையோட வந்த கோட்டு ஓவியங்கள்தான். அதை மட்டும் வச்சு, "அது எலும்பே இல்லை, கல்லாப்போன மரமா இருக்கும்"னு வெளியில சந்தேகப்பட்டாங்க. சாத்தனூர் மரத்தைப் பார்த்த யாருக்கும் அந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும். அப்புறம் 2022ல, தோண்டின காலத்துல எடுத்து வச்சிருந்த போட்டோக்கள் வெளியாச்சு. அதுக்கப்புறம்தான் எலும்புதான்னு சொல்றவங்க பக்கம் பலம் கூடிச்சு.

யோசிச்சுப் பாருங்க. உலகத்துலயே பெருசா இருந்திருக்கக்கூடிய ஒரு ஜீவன். கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்குள்ள பத்திரமா இருந்துட்டு, வெளியில வந்த கொஞ்ச நாள்ல காணாமப் போச்சு. அது இருந்துச்சுன்னு சாட்சி சொல்ல மிஞ்சினது அந்த வயல்ல நின்னு யாரோ எடுத்த நாலு போட்டோ. எடுத்தவர் லைட்டிங் பார்த்தாரா, காம்போசிஷன் பார்த்தாரா? இல்லை. எடுத்தார். வச்சிருந்தார். அவ்வளவுதான்.

மறுநாள் கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழன் கட்டினது, 2004ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தது, எல்லாம் உங்களுக்கே தெரியும். கோயில் கிழக்கு பார்த்தது, அதனால காலையில போங்க. முன்பக்கம் வெளிச்சம் விழும். ட்ரைபாட் கொண்டு போனா தொல்லியல் துறை அனுமதி வேணும். கையில பிடிச்சு எடுக்க அது வேண்டாம். தஞ்சாவூர் விமானம் மாதிரி விறைப்பா நிக்காது இது, உள்பக்கமா கொஞ்சம் வளைஞ்சு ஏறும். அந்த வளைவைப் படத்துல கொண்டுவர நான் பட்ட பாடு பெரும்பாடு.

ஆனா எடுக்க முடியாத ஒன்னும் அங்க இருக்கு. மதில். 1836ல கொள்ளிடத்துல கீழணை கட்டினப்ப இந்தக் கோயில் மதில் கல்லைப் பேர்த்து எடுத்துட்டுப் போனாங்க. அணை விவசாயத்துக்கு உதவிச்சு, அதை நான் குறை சொன்னா அப்பா அடிப்பார். ஆனா பாரிஸ்ல போட்டோகிராபிங்கிற விஷயத்தை உலகத்துக்கு அறிவிச்சதே 1839ல. வெறும் மூணு வருஷம். 1858ல லின்னேயஸ் ட்ரைப்புங்கிற வெள்ளைக்கார அதிகாரி தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டை 21 படமா எடுத்து ஒட்டி நீட்டமா ஒரே படம் ஆக்கி வச்சார். எட்டுநூறு வருஷம் நின்ன இந்த மதிலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. போனது போனதுதான்.

இப்ப மட்டும் என்ன? அரியலூர் பக்கம் போறவங்களுக்குத் தெரியும். அந்தப் பழைய கடல் விட்டுட்டுப் போன சுண்ணாம்புக்கல்தான் இன்னிக்கு சிமெண்ட். 1979லயே அரசு சிமெண்ட் ஆலை வந்தாச்சு, அப்புறம் தனியார் ஆலைகள். வேலை குடுத்திருக்கு, வீடு கட்டக் குடுத்திருக்கு. கூடவே மேடு இருந்த இடத்துல பள்ளம் இருக்கு, ஒத்தையடிப் பாதை இருந்த இடத்துல லாரி ரோடு இருக்கு. நல்லதா கெட்டதான்னு தீர்ப்பு சொல்ற பதிவு இல்லை இது. மாறுதுங்கிறதை மட்டும் சொல்றேன். மாறுறதுக்கு முன்னாடி அது எப்படி இருந்துச்சுன்னு யார்கிட்ட படம் இருக்கு?

இங்கதான் நம்ம ஆளுங்க மேல எனக்கு ஒரு வருத்தம். நம்ம ஆளுங்கன்னா என்னையும் சேர்த்துத்தான். கேமரா வாங்கினதும் நாம என்ன எடுக்குறோம்? மீன்கொத்தி. கோபுரத்துக்குப் பின்னாடி சூரியன். மழைத்துளி விழுந்த செம்பருத்தி. அப்புறம் தவறாம ஒரு வயசான பாட்டி, முகச் சுருக்கம் எல்லாம் கோடு கோடாத் தெரிய, கருப்பு வெள்ளையில. தலைப்பு "முதுமை". அந்தப் பாட்டிக்குப் பேர் இருக்காது. ஊர் இருக்காது. லைக் மட்டும் இருக்கும்.

நானும் பண்ணினேன். ரெண்டு வருஷம் முன்னாடி செந்துறை பக்கம் ஒரு நண்பன் ஊர்த் திருவிழாவுக்குப் போனப்ப, வாசல்ல பருத்தி பிரிச்சுட்டிருந்த ஒரு பாட்டியைப் போன்ல எடுத்தேன். கருப்பு வெள்ளையாக்கி, "சுருக்கங்களின் கவிதை"ன்னு தலைப்பு வேற (அடிக்க வராதீங்க). நானூறு லைக். எடுக்கும்போது அந்தப் பாட்டி கேட்டாங்க, "எனக்கு ஒன்னு குடுப்பியா சாமி?" "குடுக்குறேன் பாட்டி"ன்னேன். குடுக்கலை. வண்டி தெருவைத் தாண்டுறதுக்குள்ள மறந்துட்டேன். எங்க அப்பாயிக்கு ஒரு நல்ல போட்டோ இல்லையேன்னு அழுத அதே ஆளுதான் இதைச் செஞ்சது.

இந்தப் பொங்கலுக்கு அந்தப் படத்தை பிரிண்ட் போட்டு எடுத்துட்டுப் போனேன். போகும்போதே வயிறு கலக்குச்சு, பாட்டி இருக்காங்களோ என்னவோன்னு. இருந்தாங்க. நல்லாவே இருந்தாங்க. படத்தை வாங்கி, கண்ணுகிட்ட வச்சுப் பார்த்துட்டு, "யாரு சாமி இது?"ன்னாங்க.

"நீங்கதான் பாட்டி."

"நானா? ஏன் இப்படிக் கருப்பாப் போட்ருக்க? இழவு வீட்ல வைக்கிற மாதிரி. சேலை கலரே தெரியலையே. கை எங்க?"

நானூறு பேர் லைக் போட்ட படம். அதுல இருந்த ஆளுக்கே பிடிக்கலை. எனக்கு முகத்துல அடிச்ச மாதிரி இருந்துச்சு.

அப்புறம் பாட்டியே டைரக்டர் ஆயிட்டாங்க. உள்ள போய் மகன் எடுத்துக் குடுத்த பொங்கல் சேலையைக் கட்டிக்கிட்டு வந்தாங்க. ஆட்டுக்குட்டியைத் தூக்கி வச்சுக்கிட்டாங்க. பேரனைக் கூப்பிட்டுப் பக்கத்துல நிறுத்தினாங்க. "காலு தெரியணும், வாசல் தெரியணும்." சிரிக்கச் சொன்னா சிரிக்கவே இல்லை, விறைப்பா நேரா கேமராவைப் பார்த்தாங்க. போட்டோகிராபி புத்தகத்துல சொல்ற எந்த விதிக்கும் ஒத்து வராத படம். அன்னிக்கே அரியலூர் வந்து ஸ்டூடியோவுல ரெண்டு பிரிண்ட் போட்டு, திரும்பப் போய்க் குடுத்தேன். பாட்டி அதை முந்தானையால துடைச்சு, ரெண்டு கையாலயும் பிடிச்சுப் பார்த்தாங்க. பேரன் "வாட்சப்லயும் அனுப்புங்கண்ணா"ன்னான். அந்தப் படத்தை நான் எங்கயும் போடப் போறதில்லை. அது அவங்க படம்.

என் கருத்து இதுதான் மக்களே. போனா கேமராவாங்கிற சண்டையே வெட்டிச் சண்டை. எதுல எடுத்தாலும் சரி, எடுத்த படம் அதுல இருக்குற ஆள் கைக்குப் போய்ச் சேரலைன்னா நாம எடுத்தது பாதிதான். லென்ஸுக்கு ஆயிரக்கணக்குல செலவு பண்றோம், ஒரு பிரிண்டுக்கு ஒரு டீ காசு செலவு பண்ண மாட்டேங்கிறோம். டிஸ்க்ல இருக்குற படம் மாட்டுத் தொட்டிக்கு எப்பவுமே ஒரு அடி தூரத்துலதான் இருக்கு.

எனக்கு நானே மூணு விதி வச்சிருக்கேன். ஒன்னு, மனுசங்களை எடுத்தா பேர் கேக்கணும், அவங்க எப்படி நிக்க ஆசைப்படுறாங்களோ அப்படி ஒரு படமாவது எடுக்கணும். ரெண்டு, அதை பிரிண்ட் போட்டு அவங்க கையில குடுக்கணும், வெளியில போடுறதுக்கு அவங்ககிட்ட கேக்கணும். மூணு, பிரிண்டுக்குப் பின்னாடி யாரு, எந்த ஊரு, எந்த வருஷம்னு பென்சில்ல எழுதணும். நாலு போட்டோ ஒரு டைனோசருக்கே சாட்சி சொல்லுதுன்னா, நம்ம வீட்டு மனுசங்களுக்குச் சொல்லாதா?

"அப்படிப் பார்த்தா கலைன்னு ஒன்னு இல்லையா? கேட்டுக் கேட்டு எடுத்தா இயல்பா வருமா?"ன்னு ஒருத்தர் சண்டைக்கு வருவீங்க. நியாயம்தான். கேக்காம எடுத்த படத்துல இருக்குற உயிர் கேட்டு எடுத்ததுல வராது. அதையும் எடுங்க. நானும் எடுப்பேன். ஆனா நமக்கு ஒன்னு எடுத்தா அவங்களுக்கு ஒன்னு. கூலி குடுக்காம வேலை வாங்கக் கூடாதுன்னு எங்க ஊர்ல சொல்வாங்க.

சரி, அதுக்கு கேமரா எதுக்கு, போனே போதுமேன்னா? அதுக்கும் பதில் வச்சிருக்கேன். ஒன்னு, வெளிச்சம். நல்ல போன்ல இருக்குற சென்சாரை விட இதுல நாலஞ்சு மடங்கு பரப்பு. எங்க வீட்டு அடுப்படியில ஒரே ஒரு பல்பு வெளிச்சத்துல அம்மா தோசை ஊத்துறதை எடுத்தேன். ஆவி தெரியுது, அம்மா முகம் அம்மா முகமாவே இருக்கு. போன் அதை மாவு பூசி மொழுக்கிடும். ரெண்டாவது காரணம் என் கண்ணால பார்த்தது. போனைத் தூக்கினா எங்க வீட்ல யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. இதைத் தூக்கினா நிக்கிறாங்க. இது போட்டோ எடுக்குறதுக்குன்னே வந்த சாமான்னு அவங்களுக்குத் தெரியுது.

கடைசி நாள் சாயங்காலம். வெங்காயப் பட்டறை பக்கத்துல அப்பா பனியனோட நின்னுட்டிருந்தார். "அப்பா, அப்படியே நில்லுங்க"ன்னேன். "இருடா"ன்னுட்டு உள்ள போனார். வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வச்சு, சீவிட்டு வந்தார். நின்னார். கையை எங்க வைக்கிறதுன்னு தெரியாம பின்னாடி கட்டிக்கிட்டார்.

நான் கண்ணை வச்சு ஃபோகஸ் பண்ணிட்டிருக்கும்போது சிரிச்சுக்கிட்டே கேட்டார், "என்ன தம்பி, பேனருக்கா?"

கை நடுங்கிடுச்சு. முதல் படம் ஆடிப் போச்சு. பின்னாடி இருந்து அம்மா, "வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?"ன்னு கத்தினாங்க. அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்துச் சிரிச்சார். அப்ப அமுக்கினேன்.

அது 8x12ல பிரிண்ட் ஆகி, சட்டம் போட்டு, இப்ப வீட்ல மாட்டியாச்சு. பொட்டு இல்லாம, மாலை இல்லாம. விலை முழுசையும் அன்னிக்கு ராத்திரி அப்பாகிட்ட சொல்லிட்டேன். ஒன்னும் சொல்லலை. மறுநாள் நான் கிளம்பும்போது மட்டும், "மேலத்தெரு சித்தப்பாவையும் ஒன்னு எடுத்துட்டுப் போ, அவனுக்கு ஒன்னும் இல்லை"ன்னார். எடுத்துட்டுத்தான் பஸ் ஏறினேன்.

உங்க வீட்ல யாருக்கு ஒரு நல்ல படம் இல்லைன்னு இன்னிக்கே ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. கேமரா வேண்டாம், கையில இருக்குற போனே போதும். எடுங்க, பிரிண்ட் போடுங்க.

பி.கு 1: கரைவெட்டி பறவைகள் சரணாலயத்துக்கும் போனேன். 2024ல ராம்சார் பட்டியல்ல சேர்ந்த ஏரி, சீசன்ல பட்டைத்தலை வாத்தெல்லாம் வரும். என் 210 எம்எம் லென்ஸ்ல வாத்து ஒவ்வொன்னும் ஒரு முற்றுப்புள்ளி சைஸ்ல விழுந்திருக்கு. அதனால பறவைப் படம் எதிர்பார்க்குறவங்க மன்னிக்கவும். இன்னும் பெரிய லென்ஸ் வாங்கலாமான்னு மனசு கேக்குது. தவணை இன்னும் அஞ்சு மாசம் பாக்கி இருக்குன்னு அறிவு சொல்லுது.

பி.கு 2: ரூம்மேட்டுக்கும் ஒரு பிரிண்ட் போட்டுக் குடுத்தாச்சு. கால் கட்டைவிரல். பின்னாடி பேர், ஊர், வருஷம் எழுதித்தான்.